கண்டமாலை வரிசை

— அசையாத அண்ணி. கழுத்தைத் திருப்பாதன்னு எத்தனை தடவை சொல்றது? மீன்சினை உரிஞ்சு கீழ விழுந்துரும்.

— விழுந்தா விழட்டும். நாறுதுடா மரேன். முப்பது வருஷமா தியேப் துறையில மீன் வயித்தைக் கிழிச்சவ நான். எனக்கே தாங்கலை.

— நாறணும். நாறினாத்தான் எவனும் கிட்ட வந்து உத்துப் பார்க்க மாட்டான். சினை, மாவு, கொஞ்சம் பன்னி ரத்தம். பத்தடி தள்ளி நின்னு பார்த்தா அசல் கண்டமாலைக் கட்டிதான். முன்னால நிக்கிற அந்த ஸ்பெயின்காரப் பெரியவரைவிட உனக்குத்தான் அமோகமா வந்திருக்கு.

— அமோகமாம். அந்தாளு கழுத்துல இருந்து வடியுதே, பார்த்தியா? அதைத் துடைச்ச துணியாலயே ரொட்டியையும் மூடி வெச்சிருக்கான். தூ!

— துப்பாத அண்ணி. கும்பிடறேன், மெதுவா பேசு. நம்ம பாஷை எவன் காதுலயாவது விழுந்துச்சு, கதை முடிஞ்சுது. நீ இப்ப பெரின் இல்ல. ஸ்பெயின்ல செவிய்யாவுல இருந்து வந்த என் அக்கா.

— அதைத்தான் கேட்கிறேன். நம்ம நாடு, நம்ம ராஜா. அவரு முன்னால மண்டி போட நான் ஸ்பெயின்காரியா வேஷம் கட்டணும். என் மனுஷனைக் கொன்ன கூட்டத்துக்கு முதல் வரிசை, நம்ம ஊர்ச் சனத்துக்கு வாலு. வெக்கமா இல்லையா இவங்களுக்கு?

— வழக்கம் அப்படி. நோய் தீர நோயாளியைத் தொட ராஜா வந்தா ஸ்பெயின்காரங்க முதல்ல, மத்த தேசத்துக்காரங்க அடுத்து, நம்ம ஆளுங்க கடைசி. தூரத்துல இருந்து வந்த விருந்தாளின்னு மரியாதை. ராஜாவோட பாட்டன் காலத்துல இருந்தே இப்படித்தானாம்.

— விருந்தாளி. கடல் தாண்டி நம்மாளுங்க கட்டின கோட்டைக்கும்தான் விருந்தாளியா வந்தாங்க. விடியக்காலை, மழையில, கையில ஈட்டியோட.

— அண்ணி...

— என்ன அண்ணி? நீதானே சொன்ன. சதுப்புல மார்பளவு தண்ணியில நடந்து வந்தாங்க, காவலுக்கு நின்னவன் மழைக்கு ஒதுங்கிட்டான், கட்டில்ல படுத்தவன் கட்டில்லயே செத்தான்னு நீதானே சொன்ன?

— நான்தான் சொன்னேன். இப்ப இங்க எதுக்கு? இன்னும் நாப்பது பேரு முன்னால இருக்காங்க. வாசல்ல நிக்கிற அந்தக் கம்புக்காரன் ஒவ்வொரு கழுத்தையும் பார்த்துப் பார்த்துதான் உள்ள விடறான். நேரம் இருக்கு. ஜெபத்தை இன்னொரு தடவை சொல்லிப் பாரு.

— நம்ம வரிசையிலயே நின்னிருந்தா இந்த எழவு லத்தீன் தேவைப்பட்டிருக்காது.

— நம்ம வரிசையில சட்டை, பாவாடை, தலைத்துணின்னு ஒண்ணு விடாம தடவறாங்க. போன ஈஸ்டருக்கு எவனோ மண்டி போட்டபடியே ராஜா கையில ஒரு கடுதாசியைத் திணிச்சுட்டானாம். அதுல இருந்து இந்தக் கெடுபிடி. ஸ்பெயின்காரங்களைத் தடவ மாட்டாங்க. விருந்தாளி மடியில கை வெச்சா நல்லா இருக்காதே. கடுதாசி பத்திரமா இருக்கா?

— இடது கைக்குள்ள இருக்கு. சுருட்டி நூலால கட்டியிருக்கேன். இதுவும் போச்சுன்னா எழுதித் தர ஆள் இல்ல. இது மூணாவது.

— தெரியும்.

— தெரியுமாம். முதல் மனுவை என்ன பண்ணினாங்கன்னு நீ பார்க்கலை, நான் பார்த்தேன். வாசல்ல ஒரு கூடை. மனு எல்லாம் அதுல போடுங்க, ராஜா பார்வைக்குப் போகும்னான் ஒருத்தன். சாயங்காலம் சமையல்கட்டுப் பக்கம் மிச்ச ரொட்டி வாங்கப் போறேன், வறுத்த வாத்தைத் தட்டுல வெச்சுட்டுக் கையில ஒட்டின கொழுப்பை எதுலயோ துடைக்கிறான் சமையக்காரன். என் மனுஷன் பேருடா அது. கார்தேன். எனக்குப் படிக்கத் தெரிஞ்சது அந்த ஒரு பேருதான். அது மேலயே கொழுப்பு.

— விடு அண்ணி.

— ரெண்டாவது மனுவை வாங்கின அந்தப் பட்டுச்சட்டை? அவன் இன்னும் அழகு. பல்லைக் குத்திக்கிட்டே சொன்னான், 'ராஜா உத்தரவு இல்லாம கடல் தாண்டிப் போன திருட்டுக் கூட்டம்மா அது, திருடனுக்கு எங்க நியாயம்?'னு. குத்தி எடுத்ததைப் பார்த்தான், திரும்ப வாயிலயே போட்டுக்கிட்டான்.

— திருட்டுக் கூட்டம். ராஜா கொடிதான் கோட்டை மேல பறந்துச்சு. தினம் காலையில கொடி ஏத்தும்போது டமாரம் அடிச்சவன் நான். மழையில தோல் ஊறிப் போய் பொத் பொத்துன்னு கேட்கும். அதுக்கும் சேர்த்து அடிச்சேன்.

— அப்ப அதை ராஜா வாயால சொல்லட்டும். 'அவங்க திருடங்க இல்ல, என் ஆளுங்க.' ஒரு வார்த்தை. ஸ்பெயின்காரன் தலை வேணும்னு கேட்கலை, நிலத்தைத் திருப்பித் தான்னு கேட்கலை. தியேப்ல எத்தனை பொம்பளைங்க புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்ல முடியாம திரியறாங்க! திருடன் பொண்டாட்டின்னு தண்ணி எடுக்கிற இடத்துல குசுகுசுக்கிறாங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பன்னெண்டு நாள் நடந்து வந்தேன். அதுக்குத்தான் இந்த நாத்தத்தைக் கழுத்துல அப்பிக்கிட்டு நிக்கிறேன்.

— அதுக்குத்தான் சொல்றேன், ஜெபத்தைச் சொல்லிப் பாரு. கம்புக்காரன் கேட்டாலும் கேட்பான். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணின சீட்டு நம்மகிட்ட இல்லை. சீட்டு இல்லாதவங்களை ஜெபம் சொல்லச் சொல்றாங்க.

— பாத்தேர் நோஸ்தேர்.

— ம்.

— குயி எஸ் இன் சேலிஸ்.

— நல்லா வருது.

— சங்... சங்தி... இந்த இடத்துல பல்லுல மாட்டுது. மீன் முள்ளு மாதிரி.

— சங்திஃபிசேத்தூர். சங்திஃபிசேத்தூர் நோமேன் தூவும். அந்த இடம்தான் அண்ணி. அந்த இடத்துல மட்டும் வழுக்கிறாத.

— உனக்கு ஏன்டா இப்படி வேர்க்குது? குளிர் இப்படி அடிக்குது, நீ என்னமோ உலை முன்னால நிக்கிற மாதிரி நிக்கிற.

— ஒண்ணுமில்ல. திரும்பச் சொல்லு.

— சின்ன வயசுல இதைத்தான் முணுமுணுத்தேன். ஒரு எழுத்து புரியாது. புரியாததைச் சாமிகிட்ட சொல்றதுக்கு மீன்கிட்ட சொல்லலாம். புது வேதப் போதகர் வந்து, நம்ம பாஷையிலயே சொல்லலாம், சாமிக்குக் கேட்கும்னு சொன்ன அன்னைக்கு நானும் என் மனுஷனும் உக்காந்து அழுதோம். அதுல இருந்து அவரு ஓயவே இல்ல. எழுந்ததும் சொல்வாரு, படுக்கும்போதும் சொல்வாரு. பீப்பாய்க்கு வளையம் அடிக்கும்போது கூட, அடிக்கு ஒரு வார்த்தை. 'பரமண்டலங்களிலே', டொக். 'இருக்கிற', டொக். 'எங்கள் பிதாவே', டொக்.

— அங்கயும் அப்படித்தான். கோட்டையில அவரு பட்டறைச் சத்தம் கேட்டுத்தான் நாங்க கண்ணே முழிப்போம்.

— அப்படிப்பட்ட மனுஷன். ஸ்பெயின்காரச் சாமியார் முன்னால வரிசையில நிறுத்தி, 'பழைய வேதமா, புது வேதமா? பழையதுன்னா சிலுவை போட்டு ஜெபம் சொல்லு'ன்னு கேட்டா, அவரு சொல்வாரா? சொல்லு, எப்படி நின்னாரு?

— எத்தனை தடவை அண்ணி...

— சொல்லுடா. அதைக் கேட்டாத்தான் எனக்கு இந்த நாத்தத்துல மூச்சு வரும்.

— தலையைத் தூக்கினாரு. 'நான் புது வேதம்'னு சொன்னாரு. அவ்வளவுதான். கூட்டிட்டுப் போயிட்டாங்க.

— அவ்வளவுதான். பார், மனுவிலயும் அதைத்தான் முதல் வரியா எழுத வெச்சேன். 'ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான், சொல்லவில்லை.' எழுதினவன் பயந்தான். 'ராஜா பழைய வேதம், இது வேண்டாம்மா'ன்னான். இதை எழுதலைன்னா மத்ததும் வேண்டாம்னேன். அப்படி ஒருத்தர் திருடனா இருப்பாரா? ராஜாவே படிச்சுச் சொல்லட்டும்.

— ராஜா முதல் வரியையாவது படிச்சா சரி.

— அதையே உன்னைக் கேட்டப்ப நீ என்ன சொன்ன? அவருக்கு அடுத்து நின்னவன். அவரு ரத்தம் காயறதுக்குள்ள நெத்தியில கையை வெச்சுச் சிலுவை போட்டுட்டு, அவங்களுக்கே டமாரம் அடிச்சுப் பிழைச்ச.

— அடிச்சேன். ஆறு மாசம் அவங்க கொடிக்கு அடிச்சேன். அப்புறம் செவிய்யா. அப்புறம் ஒரு கப்பல்ல உப்பு மூட்டைக்கு அடியில படுத்து ஓடி வந்தேன். எல்லாம் உனக்குத் தெரியும். தினம் ஒரு தடவை சொல்லிக் காட்டறதுல உனக்கு என்ன கிடைக்குது?

— ஒண்ணும் கிடைக்கலை. உன்னைப் பார்த்தா குமட்டுது, அதைச் சொல்றேன்.

— அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்த?

— உனக்கு ஸ்பெயின் பாஷை தெரியும். அதுக்குத்தான்.

— பாஷை தெரிஞ்சவன் நானே உள்ள போறேன்னுதானே சொன்னேன். என் கழுத்துல இந்தச் சினையை அப்பினா அப்பிக்காதா?

— அந்தக் கையால என் மனுஷன் மனு போகக் கூடாது. சிலுவை போட்ட கை.

— இப்ப நீ மட்டும் என்ன போடப் போற?

— வாயை மூடு.

— நெத்தி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். ஞாபகம் இருக்கா? மாத்திப் போட்டுறாத.

— மூடுன்னு சொன்னேன்... யாருடா இவ? என் தோளைத் தொட்டு என்னமோ நீட்டறா.

— பக்கத்துல நிக்கிற அம்மா. மென்சியாவாம் பேரு. அத்திப்பழம் தர்றாங்க. வாங்கிக்க, சிரி.

— ஸ்பெயின்காரி கையால தின்னணுமா? வேண்டாம்னு சொல்லு. அந்தக் கையில என்ன ஒட்டியிருக்கோ.

— அண்ணி, அசல் நோயாளி அவங்கதான். நீ மீன்காரி. உன் மேலதான் அவங்களுக்கு அருவருப்பு வரணும்.

— வேண்டாம்னா வேண்டாம். என்னடா இவ்வளவு நேரம் பேசற அவகிட்ட?

— எங்க இருந்து வர்றீங்கன்னு கேட்டேன். புர்கோஸ் பக்கத்து ஊராம். தனியா நடந்து வந்திருக்காங்க. உன் கைக்குள்ள என்னத்தை அப்படிப் பொத்திப் பொத்திப் பிடிச்சிருக்கன்னு கேட்டாங்க.

— ஐயோ! பார்த்துட்டாளா?

— பயப்படாத. செத்துப் போன கணவனுக்கான வேண்டுதல், ராஜா கையில கொடுத்தா அவரு ஆத்மாவுக்கு நல்லதுன்னு நேர்ந்திருக்காங்கன்னு சொன்னேன். உடனே அழுதுட்டாங்க. அவங்க மகனும் கடல் தாண்டிப் போனவனாம். தகவலே இல்லையாம்.

— எங்க போனானாம்? யாரை வெட்டப் போனானாம்?

— கேட்கலை.

— ஏன் கேட்கலை?

— பயமா இருந்துச்சு. விடேன். அவங்களே பாதி உயிரா நிக்கிறாங்க... ஷ்ஷ். கம்புக்காரன் வந்துட்டான். இனிமே வாயைத் திறக்காத. நான் 'எர்மானா'ன்னு, அதான் அவங்க பாஷையில அக்கான்னு, கூப்பிட்டா மட்டும் என்னைப் பாரு.

— நடக்கட்டும், நடக்கட்டும்! அடுத்தது யாரு? அப்பனே, தள்ளி நின்னு பேசு. காடியில நனைச்ச இந்தத் துணி மூக்குல இருக்கும்போதே இந்த நாத்தமா? எந்த ஊரு?

— செவிய்யா, ஐயா. நான் நல்லா இருக்கேன். என் அக்காவுக்குத்தான் நோய். அவளுக்கு உங்க பாஷை தெரியாது.

— உனக்கு மட்டும் நல்லா வருதே.

— கப்பல்ல இருந்தேன் ஐயா. உங்க ஊர் மாலுமிங்க கூட.

— நடக்கட்டும். கழுத்தைக் காட்டச் சொல்லு. போதும் போதும், மூடச் சொல்லு! காலையில இருந்து நூத்திப்பத்து கழுத்து பார்த்தாச்சு, இப்படி ஒண்ணு வரலை. எத்தனை வருஷமா?

— மூணு வருஷம் ஐயா.

— மூணு வருஷத்துல செத்திருக்கணுமே. சரி, அது கடவுள் பாடு. சாமியார் கொடுத்த சீட்டு?

— வழியில மூட்டையோட போயிருச்சு ஐயா. மலையடிவாரத்துல திருடங்க.

— எல்லாருக்கும் அந்த மலையடிவாரத்துலதான் போகுது. அப்பனே, நான் சொல்றதைக் கேளு. பாவத்தோட உள்ள போனா ராஜா தொட்டும் நோய் தீராது. தீரலைன்னா உங்க ஊர்ல போய் என்ன சொல்வீங்க? ராஜா கையில சக்தி இல்லைன்னு சொல்வீங்க. பழி யாருக்கு? வாசல்ல நிக்கிற எனக்கு. அதனால சிலுவை போட்டு பாத்தேர் நோஸ்தேர் சொல்லச் சொல்லு. எந்த நாட்டுக்காரியா இருந்தா என்ன, லத்தீன் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

— எர்மானா! பாத்தேர் நோஸ்தேர்!

— நடக்கட்டும், கையைத் தூக்கச் சொல்லு. நெத்தி, நெஞ்சு... ஆங், சரி. அந்தத் தோளும். சரி. வாயைத் திறக்கச் சொல்லு.

— பாத்தேர் நோஸ்தேர், குயி எஸ் இன் சேலிஸ்...

— ம், மேல.

— சங்... சங்தி...

— மேல சொல்லும்மா, பின்னால கூட்டம் நிக்குது.

— சங்தி... உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக. உம்முடைய ராஜ்ஜியம் வருவதாக. உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே...

— நிறுத்து.

— ஐயா, அது வந்து, கப்பல்ல நான் சொல்றதைக் கேட்டுக் கேட்டு...

— நீ நிறுத்துடா! என்னது இது? நம்ம பாஷையில! அதுவும் நார்மன் கரையோரத்து இழுவையோட! செவிய்யாவாம், பாஷை தெரியாதாம். புது வேதக்காரி! இந்த வேதத்துக்காரங்களுக்கு மட்டும்தான் சாமிகிட்ட வாய்க்கு வந்த பாஷையில பேசற கொழுப்பு. எங்க, அந்தக் கழுத்தை இங்க காட்டு. தள்ளுடா கையை. இது என்ன, கையோட வருது? மீன்சினையா? சீ! சீ! ராஜா கையில மீனைப் பூசவா வந்தீங்க?

— ஐயா, அடிக்காதீங்க! பொம்பளை ஐயா!

— பொம்பளையா? மீன் கூடை! தூ! துணியெல்லாம் ஒட்டிக்கிச்சு. சகல புனிதர் திருநாள், இன்னைக்கு ரத்தம் வேண்டாம்னு விடறேன். ஓடு! இந்தத் தெருவுல இன்னொரு தடவை உங்க மூஞ்சியைப் பார்த்தேன், கம்பு இல்ல, கயிறுதான். அடுத்தது! நடக்கட்டும், நடக்கட்டும்!

— எழுந்திரு அண்ணி. என் தோளைப் பிடி. திரும்பிப் பார்க்காத. அந்தக் கிணத்துத் திட்டு வரைக்கும் வா, போதும். இங்க உக்காரு. உதட்டுல ரத்தம். தண்ணி இழுத்துத் தரேன்.

— மனு.

— என்ன?

— கைக்குள்ள இல்லைடா! நூல் மட்டும் இருக்கு. கம்பால அடிச்சானே, அப்ப விழுந்துருக்கும். விடு, நான் போறேன். அந்தச் சேத்துல, எல்லாரும் மிதிக்கிற இடத்துல... விடுடா!

— அண்ணி, நில்லு. நில்லு! அங்க பாரு. அந்தத் தூணுக்குப் பக்கத்துல. மென்சியா.

— எந்த மென்சியா?

— அத்திப்பழம் நீட்டின அம்மா. குனிஞ்சாங்க, பார்த்தியா? எடுத்துட்டாங்க. பாவாடையில துடைக்கிறாங்க.

— கொடுத்துருவா. அந்தக் கம்புக்காரன்கிட்ட கொடுத்துருவா பாரு.

— இல்ல. மார்புத்துணிக்குள்ள வெச்சுட்டாங்க. கழுத்தைக் காட்டறாங்க. சீட்டு காட்டறாங்க. விட்டுட்டான்! உள்ள போறாங்க அண்ணி. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டறாங்க பாரு. உன் புருஷன் ஆத்மாவுக்கான வேண்டுதல்னு நினைச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போறாங்க.

— ஸ்பெயின்காரி.

— ஸ்பெயின்காரிதான்.

— நம்ம மனுவை நம்ம ராஜாகிட்ட கொண்டு போக நம்ம நாட்டுல ஒரு நாதி இல்ல. அவதான் போறா. அவ நீட்டின பழத்தைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சேன்.

— தண்ணி குடி. கழுத்தையும் கழுவிக்க. இனிமே எதுக்கு இது?

— கழுவினா போகுமா? சிலுவை போட்டேன்டா மரேன். லத்தீன் உளறினேன். எந்த வேதத்தை வேண்டாம்னு தூக்கிப் போட்டேனோ அதையே பொறுக்கி எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். அதையும் உருப்படியா செய்யலை. இந்த ஊரைப் பார்த்துக் குமட்டுச்சு, அந்தப் பட்டுச்சட்டையைப் பார்த்துக் குமட்டுச்சு, உன்னைப் பார்த்துக் குமட்டுச்சு. இப்ப என்னை நினைச்சாத்தான் எல்லாத்தையும்விட அதிகமா வருது.

— அப்படிச் சொல்லாத.

— வாயில லத்தீன்தான் இருந்துச்சுடா. சத்தியமா. நேத்து ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்தேனே. அந்தச் சனியன் வார்த்தை வந்துச்சு, நாக்கு திரும்பிருச்சு. என்னைக் கேட்காமலே நம்ம பாஷைக்குப் போயிருச்சு. பத்து வருஷப் பழக்கம். நிறுத்தணும்னு தெரியுது, நிறுத்த முடியலை.

— தெரியும் அண்ணி.

— உனக்கு என்ன தெரியும்? நீ கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சவன். மேல இருந்து பார்த்தா அவரு என்ன நினைப்பாரு? உயிரு போகும்போது அவரு செய்யாததை, ஒரு கடுதாசிக்காக நான் செஞ்சேன். உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? ஊரெல்லாம் அவரு பெருமையைப் பேசுது. போதகர் பிரசங்கத்துல பேரு சொல்றாரு. நானும் தலையை நிமிர்த்திக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினா அவரைத் திட்டறேன். ஒரு சிலுவை. நாலு வரி. அதைச் சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு. சாமி பெருசாத் தெரிஞ்சுச்சு, என்னை நினைக்கவே இல்ல பாவி மனுஷன்.

— அண்ணி, உள்ள போயிருக்கே அந்தக் கடுதாசி. அதுல முதல் வரி...

— முதல் வரிக்கு என்ன? நீ சொன்னதுதானே?

— நான்தான் சொன்னேன். ஊருக்கு வந்து உன் கதவைத் தட்டினேன். திறந்ததும் எப்படிச் செத்தாருன்னு நீ கேட்கலை. 'மறுக்கலைதானே?'ன்னு கேட்ட. பின்னால பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் நின்னாங்க. நான் வேற என்ன சொல்றது?

— என்னடா சொல்ற நீ?

— சாமியார் கேட்டதும் அண்ணன் சிலுவை போட்டாரு. நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோளு, எல்லாம் சரி. பாத்தேர் நோஸ்தேர்னு ஆரம்பிச்சாரு. சேலிஸ் வரைக்கும் ஒரு தப்பு இல்ல.

— மரேன்.

— வீட்டுக்கு வரத்தான் பார்த்தாரு அண்ணி.

— மரேன், வேண்டாம்.

— அப்புறம் 'உம்முடைய நாமம்'னு வந்துருச்சு, இப்ப உனக்கு வந்த மாதிரியே, அதோட கூட்டிட்டுப் போயிட்டாங்க; அடுத்து நின்ன நான் அதைக் கேட்டுத்தான் கடைசி வார்த்தை வரைக்கும் லத்தீன்லயே சொன்னேன்.